மைசூருக்குப் போன தோட்டத்துக் குருதி

காலடியில் இருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் ஆங்கிலத்தில், “மீனா?” என்று கேட்டார். “இல்லை, குருதி” என்றேன். அவர் தன் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓர் இருக்கைக்குப் போய்விட்டார். பெங்களூரிலிருந்து மைசூர் போகும் அந்தப் பேருந்தில் இரண்டு இருக்கை எனக்கே கிடைத்தது. வெளிநாட்டுப் பயணத்தில் எனக்குக் கிடைத்த முதல் சௌகரியம் அதுதான்.

நான் இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். எங்கள் வீட்டில் பாடசாலைக்குப் போய் முடித்த முதல் ஆள். அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார். கையெழுத்துக்குப் பெருவிரலை உருட்டுவார். என் முன்னோர் கடல் தாண்டி வந்தது கூலிக்கு. அந்தக் கடலைத் திரும்பக் கடந்த முதல் ஆளும் நான்தான். பல்கலைக்கழகத்தில் என் ஆய்வுக்காக, தோட்டத்துப் பெண்கள் முப்பது சொச்சம் பேரின் குருதியிலிருந்து பிரித்த திரவத்தை உறையவைத்து, உலர்பனிக்குள் புதைத்து, அனுமதிப் பத்திரங்களோடு மைசூரிலுள்ள ஓர் ஆய்வுகூடத்துக்கு எடுத்துப்போய்க்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டிய புரதத்தை அளக்கும் வசதி அங்கே இருந்தது.

புரதத்தின் பெயர் ஹப்டோகுளோபின். இதை அம்மாவுக்கு விளங்க வைத்த விதத்திலேயே இங்கும் சொல்கிறேன். செங்குழியங்கள் கொழுந்துச் சாக்கு மாதிரி. சாக்கு கிழிந்தால் உள்ளே இருக்கும் சிவப்புப் பொருள் வெளியே கொட்டும். கொட்டியது சும்மா கிடந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், குழாய்களைக் கெடுக்கும். அதனால் பின்னாலேயே ஓர் ஆள் வந்து அதை அள்ளிக்கொண்டு ஈரலுக்குப் போகிறான். அந்த ஆள்தான் ஹப்டோகுளோபின். போனவன் திரும்பி வருவதில்லை. அளவுக்கு மீறிச் சாக்குகள் கிழிந்தால் அள்ளுகிற ஆட்கள் தீர்ந்துபோவார்கள். ஆகவே ஒருவரின் குருதியில் அந்த ஆளைத் தேடி, காணவில்லை என்றால், உள்ளே எங்கோ சாக்கு கிழிகிறது என்று சந்தேகிக்கலாம்.

“அப்ப அள்ளுற ஆளுக்குப் பேரு போடுவாங்களா?” என்று கேட்டார் அம்மா. தோட்டத்தில் ஒரு நாள் வேலை கணக்கில் ஏறுவதைப் பேர் போடுவது என்போம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.

எங்கள் பெண்களுக்கு இரத்தச்சோகை புதிதில்லை. மருந்தகத்தில் இரும்பு மாத்திரை கொடுப்பார்கள். பலருக்குத் தேறும். சிலருக்கு எத்தனை வருடம் விழுங்கினாலும் தேறாது. முத்துலெட்சுமி அக்கா அப்படி ஒருவர். மலையில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிடுவார். “மாத்திரையைத் தின்னாம கோழிக்குப் போடுறியா?” என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணி கேட்பார். இரும்புக் குறைவா, செங்குழியம் உடைகிறதா என்று பிரித்துக் காட்ட இந்தப் புரதம் உதவும். மைசூர்க்காரர்களின் ஆசை இன்னும் பெரிது. அந்தப் புரதத்தையே மருந்தாகக் கொடுக்கலாமா, அதைக் குறிவைத்து மருந்து செய்யலாமா என்று பார்க்கிறார்கள்.

குருதி எடுத்த காலை எனக்கு ஒரு வெட்கம் நேர்ந்தது. குழாய்களில் எண் எழுதிய தாள் ஒட்டியிருந்தேன். காமாட்சி அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னா தம்பி இது?”

“நம்பர் அக்கா. இதுதான் நீங்க.”

“நம்பரு போட்டுத்தான் அன்னைக்குக் கணக்குப்புள்ள என் கொழுந்த இன்னொருத்தி பேருல ஏத்துனாரு. நம்பர நம்பச் சொல்றியா?”

எல்லோரும் சிரித்தார்கள். தராசடியில் சாக்குகள் குவியும்போது மாறிப்போகாமல் இருக்க, எங்கள் பெண்கள் ஆளுக்கொரு துணிக்கிழிசலைச் சாக்கின் வாயில் கட்டுவார்கள். பழைய சேலையின் ஓரம், முறுக்கிய நூல், எதுவானாலும் சரி. காமாட்சி அக்கா இடுப்பில் செருகியிருந்த மஞ்சள் துணியிலிருந்து ஓர் இழை உருவி, என் கண் முன்னாலேயே குழாயின் கழுத்தில் கட்டினார். அடுத்தவர் கட்டினார். அப்புறம் எல்லோரும். திரவத்தைச் சிறு குழாய்களுக்கு மாற்றியபோதும் கூடவே நின்று அவரவர் நூலை அவரவரே மாற்றிக் கட்டினார்கள். என் குழாய்கள் கோயில் மரம் மாதிரி ஆகிவிட்டன. மைசூரில் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவிழ்த்துவிடலாமா என யோசித்தேன். அன்றைக்கு வேலைக்குப் பிந்தியதால் அவர்களுக்கு அரைப்பேர்தான் விழுந்திருந்தது. அவிழ்க்கக் கை வரவில்லை. இன்னொரு முறை அவர்களைக் குருதி கேட்க எனக்கு வாயும் வராது. பெட்டி உருகினால் எல்லாம் போச்சு.

விமானம் தாமதமாகி, பாதி உலர்பனி வழியிலேயே ஆவியாகியிருந்தது. பேருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கும்போது நின்றுவிட்டது. முன்னால் கரும்பு லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் வாகனங்கள். நடத்துனர் இறங்கிப் போய் ஒரு கரும்போடு திரும்பி வந்தார். “எடுக்க ஆள் வரணுமாம். நீங்களும் ஒன்று கடியுங்கள்” என்று கன்னடத்தில் சொன்னதாகப் பின்னிருக்கைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். உலர்பனி ஒரு கைப்பிடிதான் மிச்சம்.

சாலையோரத்தில் கரும்புச்சாறு கடை ஒன்று இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கன்னடம் தெரியாமல் கையால் ஐஸ் காட்டினேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தமிழ்லயே கேளுங்க தம்பி. நமக்கு எல்லையோரம் ராமாபுரமுங்க. அங்க பாதி ஊரு தமிழ்தானுங்க. ஐஸ் மட்டும் வேணுமா? கரும்பு என்ன பாவம் பண்ணுச்சு?”

“ஐஸும் உப்பும் வேணும் அண்ணே. நிறைய உப்பு. கல்லுப்பு.”

“உப்பா? எந்த ஊருங்க நீங்க?”

“இலங்கை.”

அவர் உள்ளே திரும்பி மனைவியிடம் கத்தினார். “ஏ, இங்க பாரு. கடல் தாண்டி வந்தவரு நம்மகிட்ட வந்து உப்புக் கேக்குறாரு!” பிறகு பெட்டியைக் காட்டி, “உள்ள என்னங்க, மாங்காயா? ஊறுகா போடப் போறீங்களா?” என்றார்.

“ரத்தம் அண்ணே. எங்கம்மாவோடதும் இருக்கு.”

சிரிப்பு நின்றது. பனிக்கட்டியைக் கோணியில் சுற்றிக் கட்டையால் அவரே நொறுக்கினார். நான் ஒரு படை பனி, ஒரு படை உப்பு என்று போட்டேன். உப்புக் கலந்த பனி வெறும் பனியைவிடக் கடுமையாகக் குளிரும். தோட்டப் பாடசாலையில் ஒரு தகரக் குவளையும் இரண்டு கை உப்பும் கொண்டு சர்க்கரைத் தண்ணீரை ஐஸ் ஆக்கி, வகுப்பே நக்கித் தின்றோம். கண்ணாடிக் குடுவைகூட இல்லாத அந்தப் பாடசாலையின் பாடம் காவேரிக் கரையில் கைகொடுத்தது. பல்கலைக்கழகத்தில் வாங்கிய எந்தப் புள்ளிக்கும் நான் இவ்வளவு நெஞ்சு நிமிர்த்தியதில்லை. குழாய்களைப் பையோடு நடுவில் வைத்து மூடினேன்.

பேருந்து நின்றதுமே ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் சொல்லியிருந்தேன். அதற்குள் அங்கிருந்து மஞ்சுநாத் வந்துவிட்டான். கட்டட வேலைக்கு மைசூர் வந்த தமிழ்க் குடும்பத்துப் பையன், என் வயது. வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், வாயில் இரண்டும். யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவான். ஊர்ப்பாதைகளில் புகுந்து பைக்கில் வந்திருந்தான்.

“டென்ஷன் பேடா, வேணாம் குரு! ஏறு. பொட்டியக் கட்டிப் புடி, என்னைப் புடிக்காத.”

வாய்க்கால் மேட்டில் ஒரு குலுக்கு, எருமைக்கு வழிவிட்டு ஒரு குலுக்கு. உப்புத் தண்ணீர் என் காற்சட்டையில் வழிந்துகொண்டே வந்தது. சிக்னலில் நின்றபோது ஓர் அம்மாள் என் நனைந்த மடியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நகபேடா குரு, சிரிக்காத, சிரிச்சா இன்னும் சந்தேகம் வரும்” என்றான் மஞ்சு.

ஆய்வுகூடத் தலைவர் டாக்டர் வைதேகி வாசலிலேயே நின்றார். மேலுகோட்டை வழிவந்த வைணவக் குடும்பம். தலைமுறைகளாக மைசூரில் இருந்தும் வீட்டில் தமிழை விடாதவர்கள். “வாங்கோ, வாங்கோ. முதல்ல பெட்டி, அப்புறம் நீங்க” என்றார். திறந்தோம். எல்லாக் குழாய்களிலும் திரவம் கல்லாக உறைந்தே இருந்தது. மஞ்சு விசிலடித்தான்.

பிறகுதான் தாள்களைப் பார்த்தோம். பையில் எங்கோ கிழிசல். உப்பு நீர் உள்ளே புகுந்து, ஒட்டியிருந்த தாள்கள் உரிந்து, எண்கள் கரைந்து, அடியில் நீலச் சேறாகக் கிடந்தன. குளிருக்குத் தாங்கும் ஒட்டிகள் எங்கள் ஆய்வுகூடத்தில் இல்லை. சாதாரணத் தாளும் பசையும்தான்.

வைதேகி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிரதீபன், லேபிள் இல்லாத ட்யூப் எனக்கு ட்யூபே இல்லை. யாரோடதுன்னு தெரியாம அளந்து என்ன பண்றது?”

மஞ்சு ஒரு குழாயை இடுக்கியால் தூக்கிப் பார்த்தான். “இது என்ன குரு, எல்லாத்துக்கும் காப்பு கட்டி வெச்சிருக்க?”

மஞ்சள் இழை. காமாட்சி அக்கா.

“மேடம்” என்றேன், “யாரோடதுன்னு எனக்குத் தெரியும்.”

பாடசாலை விட்டதும் தராசடிக்கு ஓடி, குவிந்து கிடக்கும் சாக்குகளில் அம்மாவின் சாக்கைத் தேடி இழுத்து வைப்பது சின்ன வயதில் என் வேலை. அம்மாவுடையதைத் தேட, மற்ற எல்லோருடையதும் தெரிந்திருக்க வேண்டும். சிவப்பும் வெள்ளையும் முறுக்கியது ராஜேஸ்வரி மதினி. பச்சைக் கரை முத்துலெட்சுமி அக்கா. ஊதா நூலில் இரட்டை முடிச்சு பாக்கியம் சின்னம்மா. பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனேன். எந்தப் பரீட்சையிலும் நான் இத்தனை வேகமாகப் பதில் சொன்னதில்லை.

மேடம் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், “நம்பறேன். ஆனா நம்பிக்கை ஆய்வுக்குப் போதாது. சரிபார்க்க வேற வழி இருக்கா?” என்றார்.

வழி இருந்தது, மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. குருதி வகை. செங்குழியத்தை நீக்கிய பிறகும், திரவத்தில் இருக்கும் எதிர்ப்பொருளை வைத்து ஒருவர் ஏ வகையா, பி வகையா, ஓ வகையா என்று சொல்லிவிடலாம். எங்கள் தோட்டத்தில் பிள்ளை பெற்ற ஒவ்வொருவரிடமும் கிளினிக் அட்டை உண்டு; குருதி கொடுத்த எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள்தான். அதில் குருதி வகை இருக்கும்.

“நீங்க நூலைப் பார்த்துப் பேர் எழுதி மூடிக் கொடுங்கோ. மஞ்சு உங்க பேப்பரைப் பார்க்காம வகை கண்டுபிடிப்பான். ஒண்ணு ரெண்டு தற்செயலா ஒத்துப்போகும். எல்லாமே ஒத்துப்போனா அது தற்செயல் இல்லை” என்றார் மேடம்.

அன்று மாலையே அம்மாவைக் கூப்பிட்டேன். “அட்டையா? எல்லாரையும் கேட்டு, சரின்னவங்க அட்டைய அனுப்புறேன்” என்றார்.

மறுநாள் விடிந்ததும் மஞ்சு என்னை ஒரு சின்னக் கடைக்கு இழுத்துப்போனான். தோசைக்குள் சிவப்புச் சட்னி, மேலே ஒரு வெண்ணெய் உருண்டை. எங்கள் ஊரில் தோசை என்பது தேங்காய்ச் சம்பல் தின்பதற்கு ஒரு சாக்குதான். இங்கே தோசைக்கே தனி மரியாதை. அப்புறம் காப்பி. ஆய்வுகூடத்துக்குத் திரும்பியதும், நான் தோட்டத்திலிருந்து கொண்டுபோன தேயிலையில் பால் இல்லாமல் ஒரு பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன். மஞ்சு ஒரு வாய் குடித்துவிட்டு, “இது மருந்தா குரு? யாருக்கு உடம்பு சரியில்ல?” என்றான். மேடம் மட்டும் முழுதாகக் குடித்து, இன்னொன்று கேட்டார்.

என் கைபேசி விடாமல் ஒலித்தது. அம்மா லயத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி, யாரும் மறுக்காததால் எல்லோருடைய அட்டைகளையும் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். எந்த எழுத்து வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அதனால் அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், உறைகூட விடவில்லை. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் கொழுந்துக் கறை ஏறிய அவருடைய பெருவிரல் விழுந்திருந்தது. “இந்த விரலும் சாம்பிளா?” என்று எட்டிப் பார்த்த மஞ்சுவை, அட்டையில் வகை இருக்கிறது, பார்க்கக்கூடாது என்று விரட்டிவிட்டு, மேடம் படங்களைத் தானே அடுக்கினார்.

மூன்றாம் நாள் முழுக்க அவன் வகை பார்த்தான். நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே வரக்கூடாது என்பது மேடத்தின் உத்தரவு. மத்தியானம் தன் வீட்டுச் சாத்தமுதும் சாதமும் அனுப்பினார். ரசத்துக்கு அவர்கள் வீட்டுப் பெயர் சாத்தமுது. ருசி தெரிந்ததாக நினைவில்லை.

சாயங்காலம் என் தாளையும் மஞ்சுவின் தாளையும் அட்டைப் படங்களோடு வைத்து மேடம் ஒவ்வொன்றாகப் படித்தார். காமாட்சி, அட்டையில் பி, குழாயில் பி. ராஜேஸ்வரி, ஓ, ஓ. முத்துலெட்சுமி, ஏ, ஏ. கடைசி வரை ஒன்றுகூடத் தப்பவில்லை. மஞ்சு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். “கெத்து குரு! உங்க ஊரு பொம்பளைங்களோட பார்கோடு இது.”

மேடம் சிரிக்கவில்லை. இரண்டு குழாய்களைத் தனியே வைத்திருந்தார். இரண்டிலும் ஒரே வெளிர்நீல நூல். இரண்டும் ஓ வகை.

எனக்கு அது முன்பே தெரியும். அம்மாவின் நீலச் சேலை கிழிந்தபோது பாதியைப் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவுக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து இருவர் சாக்கிலும் ஒரே நீலம். “இடது பக்கம் இருப்பது அம்மாவோடது மேடம். அம்மா முடிச்சை உள்பக்கம் போடுவாங்க” என்றேன்.

“இருக்கலாம். நீங்க பிள்ளை, உங்களுக்குத் தெரியறது. எனக்குத் தெரியலையே. இந்த முடிச்சை என்ன சோதனையில சரிபார்ப்பேன்?”

இரண்டையும் ஆய்விலிருந்து விலக்க நானே கையெழுத்திட்டேன். வேறு யாருடைய குழாயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மற்றக் குழாய்களுக்குப் புதிய குறி இட்டு, மறுநாள் புரதத்தை அளந்தோம். பெரும்பாலானவர்களிடம் அள்ளுகிற ஆள் போதுமான அளவு இருந்தான். அவர்களின் சோகை இரும்புச் சோகையாக இருக்கலாம். மிகச் சிலரிடம் அவன் அறவே இல்லை. கருவி காட்டியதை நம்பாமல் மேடம் திரும்ப அளக்கச் சொன்னார், அதே விடை. குறியைப் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்தச் சிலரில் முத்துலெட்சுமி அக்காவின் பச்சைக் கரையும் இருந்தது.

“இதை மட்டும் வெச்சு நோய்னு முடிவு கட்டிடாதேங்கோ. ஈரல் கெட்டாலும் குறையும், பிறவியிலேயே சிலருக்கு இருக்காது. ரத்த டாக்டர் பார்க்கணும். ஆனா வெறும் இரும்பு மாத்திரையைக் கொடுத்து இவாளை அனுப்பறதை நிறுத்தலாம்” என்ற மேடம், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “போங்கோ, அவருக்குச் சொல்லுங்கோ” என்றார்.

அம்மாவின் கைபேசிக்குத்தான் அழைக்க முடியும். முத்துலெட்சுமி அக்காவிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். “நீ பேசு. நான் என் காதைக் கழட்டி எங்க வைக்கிறது?” என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா விலகிப் போவது கேட்டது.

“அக்கா, உங்க உடம்புல ரத்தம் உடையுதுன்னு சந்தேகம். அதனாலதான் மாத்திரை வேலை செய்யல்ல போல. நான் வந்து பெரிய வைத்தியசாலைக்குக் கூட்டிப் போறேன். பயப்பட வேணாம்.”

கைபேசி ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாறும் சரசரப்பு கேட்டது.

“அப்ப நான் சோம்பேறி இல்லியா தம்பி?”

“இல்லக்கா.”

“அத எழுதித் தருவாங்களா? கங்காணிக்கிட்டக் காட்டணும்.”

தருவார்கள் என்றேன். மேடம் அன்றே ஆய்வுகூட முத்திரையோடு எழுதித் தந்தார். மேற்பரிசோதனைக்கான கடிதம் அது. அதில் சோம்பேறி என்ற சொல் இல்லை. அக்காவுக்கு நான் வாசித்துக் காட்டும்போது சேர்த்துக்கொள்வேன்.

பிறகு அம்மா பேசினார். “எனக்கு எப்பிடி? என் பேரு விழுந்துச்சா?”

நீல நூல் கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அம்மா அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் செல்வி அக்காவும் ஓடி வந்துவிட்டார். “ஏ புள்ள, ஒன்னால எனக்கும் பேரு இல்ல, என்னால ஒனக்கும் பேரு இல்ல! சரி, வந்து திரும்ப எடு. அதுக்கென்ன, ரத்தம் ஊறாதா?” என்றார் அம்மா. குரல் சற்றுத் தாழ்ந்தது. “ஆனா நீ அந்தம்மாகிட்ட, இது எங்கம்மாவோடது, சேத்துக்கோன்னு சண்டை போடல்லியே?”

“இல்லம்மா.”

“நல்லது. தராசுல அம்மா சாக்குன்னு தனியா ஒரு நிறுவை கெடையாது.”

புறப்படும் நாளன்று மேடம் என் கையில் குளிர் தாங்கும் ஒட்டிகள் இரண்டு சுருள் வைத்தார். “அடுத்த தடவை இதை ஒட்டுங்கோ. நூலையும் கட்டச் சொல்லுங்கோ. ரெண்டும் இருக்கட்டும். மஞ்சு நம்ம ட்யூபுக்கும் ஆரம்பிச்சுட்டான்.” உள்ளே எட்டிப் பார்த்தேன். மஞ்சு தன் குழாய்களுக்குக் கருமமே கண்ணாக ஆரஞ்சு நூல் சுற்றிக்கொண்டிருந்தான்.

பேருந்துக்கு முன் மஞ்சுவோடு சந்தைக்குப் போனேன். மைசூர் பாகு வாங்குவதாகத்தான் எண்ணம். பூக்கடை வரிசை தாண்டியதும் பட்டுநூல் கடை. சுவர் முழுக்கக் கண்டுகளாக நிறங்கள் தொங்கின. பாகை மறந்து, ஆளுக்கொரு நிறமாகக் கேட்க ஆரம்பித்தேன். கடைக்காரர் கன்னடத்தில் எதையோ கேட்டார். பக்கத்தில் நின்ற மஞ்சு சிரித்தான். “இத்தனை நிறமா, வீட்ல கல்யாணமான்னு கேக்கறார்.”

“ஆய்வுன்னு சொல்லு” என்றேன். அவன் சொன்னான். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அம்மாவுக்குக் காணொளி அழைப்பு போட்டு, கைபேசியைச் சுவரை நோக்கிப் பிடித்தேன். திரையில் முதலில் பெருவிரல், பிறகு முகம்.

“உங்களுக்கு எந்த நிறம்மா?”

அம்மா சுவரை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார். பச்சை வேண்டாம், அது முத்துலெட்சுமிக்கு. மஞ்சள் காமாட்சிக்கு. நீலம் இனிமேல் செல்விக்கே இருக்கட்டும்.

“அந்த ஓரத்துல, மயில் கழுத்து மாதிரி மின்னுதே, அது” என்றார். “அத யாருக்கும் பாதி குடுக்க மாட்டேன்.”